வாய் திறக்காத டிரைவர்

“அந்த டிரைவர்தான் கொன்னான்.”

சூரியநெல்லியிலிருந்து மூணாறு போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் தன் கணவரிடம் சொன்னது இது. பேச்சு, முந்தின நாள் இருவரும் பார்த்த படத்தைப் பற்றி. அதில் ஒரு மந்திரி பத்திரிகைக்காரரைக் கொல்லத் திட்டமிடுகிறார். விஷயம் தெரிந்தும் மந்திரியின் டிரைவர் கடைசிவரை யாரிடமும் சொல்வதில்லை.

“அவன் ஒண்ணுமே செய்யலையே, மேரி.”

“ஆமா, ஒண்ணுமே செய்யல.”

அவர் ஜன்னலை மூடினார், உடனே திறந்தார்.

“அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?”

“செத்தவருக்கும் இருந்துச்சே.”

பஸ் இரண்டு வளைவு தாண்டியது. பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நம்ம யூனியன் தலைவர் மேல ஜீப்ப வேணும்னே ஏத்திக் கொன்னப்ப நானும் உள்ளதான் இருந்தேன். போலீஸ்ல ஆக்சிடென்டுன்னு சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன்.”

“தெரியும். தூக்கத்துல தெனமும் பெனாத்துறீங்க. அதுக்குத்தான் அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்.”

மூணாறில் போலீஸ் ஸ்டேஷன் ஸ்டாப்பில் பஸ் நின்றது. அவர் எழவில்லை. மனைவியும் வற்புறுத்தவில்லை. கண்டக்டர் மணியடித்து பஸ் நகர்ந்த பிறகுதான் அவர் துள்ளி எழுந்தார்.

“ஆளெறங்கணும், ஆளெறங்கணும்!”

முதலில் அவர் இறங்கினார். மனைவி பின்னாலேயே ஓடினாள்.