நாற்பது டன் தாங்கிய மூடி

அண்ணி: அந்த மூடியை எடுக்கச் சொன்னா எடுங்க தம்பி. அவ்வளவுதான்.

பொறியாளர்: மெதுவா பேசுங்க அண்ணி... நகராட்சித் தலைவர் காதுல விழுந்துடப் போகுது.

அண்ணி: அவரு கூடாரத்துக்குள்ள உட்கார்ந்து பேச்சை மனப்பாடம் பண்ணிக்கிட்டிருக்காரு. அவரு பேசுறதே அவரு காதுல விழாது.

பொறியாளர்: காலையில இருந்து மூணு தடவை துடைச்சிருக்கேன். சுத்தி மஞ்சள் பெயிண்ட் அடிச்சு, ‘நாற்பது டன் தாங்கிய மூடி’ன்னு எழுத ஆள் பிடிச்சிருக்கேன். விழாவுக்கு அரை மணி நேரம் இருக்கறப்ப வந்து எடுன்னா?

அண்ணி: அந்த எழுத்தைப் பாத்துத்தானே நான் ஓடி வந்தேன்! சோதனைக்குன்னு எங்க லேபுக்கு வந்த மூடியை யாராவது கொண்டுபோய் ரோட்டுல பதிப்பாங்களா?

பொறியாளர்: பின்ன, சோதிக்காததையா பதிப்பாங்க?

அண்ணி: ஐயோ...

பொறியாளர்: இல்ல, பதில் சொல்லுங்க. இந்தத் தெருவுல சாக்கடைக் குழிக்கு மொத்தம் முப்பத்தொன்பது மூடி. பழைய இரும்பு மூடியை எல்லாம் எடுத்துட்டுப் புதுசா ஃபைபர் மூடி. அதுல நாற்பது டன்னைத் தாங்கிக் காட்டினது ஒண்ணே ஒண்ணு. அதை முக்கியமான இடத்துல வைக்காம எங்க வைக்கச் சொல்றீங்க? பதக்கம் வாங்கின சிப்பாயை முன்வரிசையில நிறுத்துறதில்லையா?

அண்ணி: பதக்கம் வாங்கினவன் இல்ல தம்பி. குண்டடி பட்டவன்.

கடப்பாரை: அட, நல்லாச் சொன்னீங்க மேடம்!

பொறியாளர்: கடப்பாரை, மூடி பதிக்க வந்த ஆளு நீ, உன்னை யாரு கேட்டா? அந்தப் பெயிண்ட் டப்பாவை ஓரமா வை.

கடப்பாரை: ஓரமாத்தான் சார் இருக்கு.

பொறியாளர்: இன்னும் ஓரமா வை.

அண்ணி: இங்க பாருங்க. இரும்புன்னா விரிசல் விட்டாக் கண்ணுக்குத் தெரியும். இது கண்ணாடி நாரையும் பிசினையும் அடுக்கடுக்கா ஒட்டினது. நாற்பது டன் வெச்சு அழுத்தினா மேல ஒரு கீறல்கூட இருக்காது. உள்ள அடுக்கு பிரிஞ்சு போயிருக்கும். அதனாலதான் சோதனை முடிஞ்சதை ரெண்டா அறுத்துக் குப்பையில போட்டுடுவோம்.

பொறியாளர்: பாஸானதையுமா?

அண்ணி: பாஸானதையும்தான்.

பொறியாளர்: பாஸானவனுக்கே இந்த மரியாதையா? அப்ப ஃபெயிலானா என்ன பண்ணுவீங்க?

அண்ணி: அதையும் அறுப்போம்.

கடப்பாரை: மேடம், ஒரு சந்தேகம். அப்படின்னா இதை மட்டும் ஏன் அறுக்காம என் கையில குடுத்தாங்க? முழுசாத்தானே வேன்ல ஏத்திக்கிட்டு வந்தேன்.

அண்ணி: அது... அன்னிக்கு... உங்க சார்தான் ரிப்போர்ட் உடனே வேணும், உடனே வேணும்னு மணிக்கு நாலு போன் போட்டாரே. அந்த அவசரத்துல விட்டுப்போச்சு.

பொறியாளர்: அவசரப்பட்டது நல்லதாப் போச்சு. இல்லேன்னா இந்த ரத்தினத்தை அறுத்திருப்பீங்க. அண்ணி, இந்தக் கம்பெனி கேட்லாக்கைப் படிச்சிருக்கீங்களா? வெயில் தாங்கும், மழை தாங்கும், துருப் பிடிக்காது, ஐம்பது வருஷம் உழைக்கும். திருடன்கூட கை வைக்க மாட்டான். எடைக்குப் போட்டா எவனும் வாங்க மாட்டான்ல!

அண்ணி: ஐம்பது வருஷம் கிடக்கட்டும். இன்னும் அரை மணி நேரம் தாங்குமா? அதைச் சொல்லுங்க.

பொறியாளர்: அதை ஊரே பாக்கப் போகுது. நாலு மணிக்குக் காங்கிரீட் லாரி வரும். சக்கரம் இந்த மூடி மேல ஏறி அப்படியே நிக்கும். தலைவர் பக்கத்துல நின்னு, ‘நாற்பது டன் தாங்கும் நம் நகரம்’னு பேசுவாரு. போட்டோ. கைதட்டல். அடுத்த மாசம் நான் செயற்பொறியாளர்.

அண்ணி: அந்த லாரியை ஓட்டிக்கிட்டு வர்றது யாரு?

பொறியாளர்: அண்ணன்தான். நானே அவங்க கம்பெனியில கேட்டு வாங்கினேன். வேற ஆளுன்னா பதட்டத்துல தள்ளி நிறுத்திடுவான். அண்ணன்னா கண்ணை மூடிக்கிட்டு நடு மூடியில நிறுத்துவாரு.

அண்ணி: ரொம்பப் புண்ணியம் கட்டிக்கிட்டீங்க. கூடப் பொறந்தவரையே கூப்பிட்டிருக்கீங்க! டிரம் நிறைய காங்கிரீட், வண்டியோட சேத்து முப்பது டன். பின் சக்கரம் குழிக்குள்ள இறங்கினா அந்த டிரம் எந்தப் பக்கம் சாயும்? வண்டியோட உங்க அண்ணனும் தலைவர் மடியில போய்ப் படுப்பாரு.

பொறியாளர்: அண்ணி, ஒரு சக்கரத்துக்கு வர்றது அஞ்சு டன்தான். இது நாற்பதைப் பாத்தது! நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்பளமா இது, நொறுங்க?

அண்ணி: உங்ககிட்ட பேசுறதுக்கு இந்த மூடிகிட்டயே பேசலாம்.

கடப்பாரை: எதுக்கு சார் வம்பு? வேன்ல புதுசு ரெண்டு மிச்சம் இருக்கு. அஞ்சு நிமிஷத்துல இதை நெம்பிட்டு அதுல ஒண்ணை வெச்சுடறேன்.

பொறியாளர்: வேண்டாம்!

அண்ணி: வேண்டாம்!

கடப்பாரை: ...இது என்ன கூத்து? இவ்வளவு நேரம் ஆளுக்கொரு பக்கம் இழுத்தீங்க. இதுக்கு மட்டும் ரெண்டு பேரும் ஒரே குரல்ல கத்துறீங்க?

பொறியாளர்: அண்ணி, நீங்க ஏன் வேண்டாங்கிறீங்க? மாத்துன்னுதானே நின்னீங்க?

அண்ணி: நான் மாத்துன்னா சொன்னேன்? எடுன்னுதான் சொன்னேன். குழி மேல கனமான இரும்புத் தகட்டைப் போட்டு மூடுங்க. லாரியைத் திருப்பி அனுப்புங்க. நீங்க ஏன் வேண்டாங்கிறீங்க? அதை முதல்ல சொல்லுங்க.

பொறியாளர்: நானா... புதுசை எதுக்கு வீணாக்கணும்னுதான்...

கடப்பாரை: நான் சொல்லவா சார்?

பொறியாளர்: நீ டப்பாவை ஓரமா வெச்சியா?

கடப்பாரை: வெச்சாச்சு சார், பக்கத்துத் தெருவுக்கே போயிடுச்சு. மேடம், இந்த மூடியை வேன்ல இருந்து இறக்க ரெண்டு ஆள் வேணும். மிச்ச முப்பத்தெட்டையும் நான் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் பதிச்சேன். இன்னொரு கையில டீ கிளாஸ்.

அண்ணி: கக்கத்துலயா? எவ்வளவு எடை இருக்கும்?

கடப்பாரை: என் பொண்ணோட பள்ளிக்கூடப் பை இதைவிட கனம் மேடம்.

அண்ணி: தம்பி...

பொறியாளர்: அது... ஃபைபர்னா அப்படித்தான் அண்ணி. கனம் குறைவு, வலு ஜாஸ்தி. விஞ்ஞானம்.

அண்ணி: எனக்கே விஞ்ஞானமா? ஒரே அளவு, ஒரே கம்பெனி. ஒண்ணுக்கு ரெண்டு ஆள், இன்னொண்ணுக்குக் கக்கம். என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?

பொறியாளர்: ...ஆர்டர் ஃபாரத்துல வரிசையா கட்டம் இருந்துச்சு அண்ணி. நடைபாதைக்கு, தோட்டத்துக்கு, ரோட்டுக்குன்னு. எல்லாத்துக்கும் ஒரே படம்தான் போட்டிருந்தான். நான்... பக்கத்துக் கட்டத்துல டிக் அடிச்சுட்டேன்.

அண்ணி: எந்தக் கட்டத்துல?

பொறியாளர்: தோட்டம்.

அண்ணி: தோட்டமா!

பொறியாளர்: ஒன்றரை டன் வரைக்கும் தாங்கும் அண்ணி! ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்தறவங்க தாராளமா நடக்கலாம்.

அண்ணி: இந்த ரோட்டுல பஸ் போகும் தம்பி.

பொறியாளர்: அதுக்கும் யோசிச்சு வெச்சிருக்கேன். ஒவ்வொரு மூடி பக்கத்துலயும் போர்டு. ‘மூடி மேல் வாகனம் ஏற்ற வேண்டாம்.’

அண்ணி: ரோட்டுக்கு நடுவுல இருக்கிற மூடி மேல வண்டி ஏறக்கூடாதா? பஸ் என்ன, தாண்டிக் குதிச்சுப் போகுமா?

கடப்பாரை: டிரைவருங்களுக்குப் பாண்டி ஆடத் தெரியணும்.

அண்ணி: இது எப்ப தெரியும் உங்களுக்கு?

பொறியாளர்: முப்பத்தெட்டையும் பதிச்சு முடிச்சப்புறம். சத்தியமா. இந்த விழா முடியட்டும், பதவி உயர்வு ஆர்டர் கையில வரட்டும், ஓசைப்படாம ஒவ்வொண்ணா மாத்திடுவேன். அதனாலதான் சொல்றேன், இந்த இடத்துல இதை விட்டா வேற கதி இல்ல. கம்பெனி சோதனைக்குன்னு முதல்ல அனுப்பின அசல் ரோட்டு மூடி இது ஒண்ணுதான். சோதனையில ஜெயிச்சதும் இது ஒண்ணுதான்.

அண்ணி: நீங்க விழாவை நிறுத்துங்க. அதோ, அங்க தண்ணி தேங்கிக் கிடக்கு... மழை வெள்ளம்னு சொல்லுங்க. கரண்ட் இல்லைன்னு சொல்லுங்க. ஏதாவது சொல்லுங்க!

பொறியாளர்: அது வெள்ளமா? கடப்பாரை குடம் கவுத்தது. லாரி ஏறுறதுக்கு எதுக்கு அண்ணி கரண்ட்டு? உங்களுக்கு இன்னிக்கு என்னமோ ஆயிடுச்சு.

கடப்பாரை: சார், ஹாரன் சத்தம். அண்ணன் வண்டி முனையில திரும்புது.

அண்ணி: கையைக் காட்டி நிறுத்துங்க தம்பி!

பொறியாளர்: உள்ள அடுக்கு பிரிஞ்சிருக்குன்னு நிரூபிங்க, நிறுத்துறேன். தலைவர்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? எங்க அண்ணிக்கு மனசு சரியில்லைன்னா?

கடப்பாரை: தட்டிப் பாத்தாத் தெரியும்னு அன்னிக்கு லேப்ல ஒருத்தர் சொன்னாரு சார். உள்ள அடுக்கு விட்டுப்போயிருந்தா சத்தம் மொத்துனு வருமாம். நல்லா இருந்தா கணீர்னு கேக்குமாம். தட்டுறதுக்கு ஒரு ரூபாக் காசு இருக்கா?

பொறியாளர்: இந்தா. தட்டு. அண்ணி காதுல நல்லா விழற மாதிரி தட்டு.

கடப்பாரை: கணீர்... கணீர்... இங்கயும் கணீர். ஓரத்துலயும் கணீர். நடுவுல... கணீர்தான் சார்.

பொறியாளர்: பாத்தீங்களா? இன்னொரு தடவை தட்டு கடப்பாரை. ஒரு இடத்துலகூட ஊமைச் சத்தம் இல்ல!

அண்ணி: தட்டினது போதும்.

பொறியாளர்: இப்பவாச்சும் ஒத்துக்கோங்க. அடுக்கு பிரியல, ஒண்ணும் பிரியல. தலைவரே எழுந்து வந்துட்டாரு பாருங்க. நிமிர்ந்து நில்லுங்க அண்ணி, போட்டோவுல நீங்களும் வருவீங்க. என்ன மூடி இது! நாற்பது டன் ஏறி இறங்கியும் நேத்து செஞ்ச மாதிரி, அப்படியே புதுசு மாதிரி இருக்கு!

அண்ணி: புதுசு மாதிரி இல்ல தம்பி, புதுசேதான். எங்க அழுத்துற மெஷின் எண்ணெய் கசிஞ்சு ஒண்ணரை மாசமா படுத்துக்கிடக்கு. நீங்க உயிரை வாங்கினீங்கன்னு இந்த மூடியைத் தொட்டுக்கூடப் பாக்காம நாற்பதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இது நாற்பது தாங்குமோ நாலு தாங்குமோ, எனக்குத் தெரியாது. தலைவர்கிட்ட அதை நானே சொல்லிக்கறேன்... நீங்க ஓடிப்போய் உங்க அண்ணன் வண்டிக்குக் குறுக்க நில்லுங்க.