ஏழாம் நம்பர் கட்டில்

ஜூலை மாதம்... அந்த ஊரில் அதுதான் நடுக்குளிர்காலம். ராத்திரி எட்டே முக்கால். உலகின் தென்கோடி ஊரான லான்செஸ்டனில் ஆற்றங்கரைச் சாலை. ஈ காக்கை இல்லை. இது என் சிநேகிதன் பேரியின் மாமா டெஸ்ஸுக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். வெளியே கும்மிருட்டு, அவ்வளவுதான்.

வீடில்லாதவர்களுக்கான காப்பகத்தில் இருபதே கட்டில். பெயர் கொடுத்தவன் ஒன்பது மணிக்குள் வராவிட்டால், அவன் இடம் வாசலில் காத்து நிற்பவனுக்கு. டெஸ் மூன்று ராத்திரி அப்படி நின்று, இடம் கிடைக்காமல் பூங்கா பெஞ்சில் விறைத்தவன். நாலாவது ராத்திரி தாங்காது என்று அவனுக்கே தெரியும்.

அன்றைக்குக் கட்டிலுக்குப் பெயர் கொடுத்திருந்த மெர்வ், சாயங்காலம் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். வயதானவர், இடது காலை இழுத்து இழுத்து நடப்பார்.

"டேய் டெஸ், உள்ள என் நாயை விடமாட்டாங்கடா. ஒரு கூட்டாளி வண்டியில விட்டுட்டு வரேன், கொஞ்சம் லேட்டாகும். கிளெண்டாகிட்ட சொல்லி என் கட்டிலைப் பிடிச்சு வை."

ஒன்பதுக்குக் காப்பகத்துக் கிளெண்டா கதவைத் திறந்தாள்.

"மெர்வைப் பாத்தியா?"

டெஸ் தரையைப் பார்த்தான். "அவரா? மக வீட்டுக்குப் போயிட்டாரு. இன்னைக்கு வரமாட்டாரு."

படுபாவி! நாக்குக் கூசவில்லை அவனுக்கு.

சூடான சூப். கம்பளி. மெர்வுக்கான ஏழாம் நம்பர் கட்டில். திருட்டுக்குப் பயந்து அங்கே எல்லாரும் செய்வதுபோல, ஷூவைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தான்.

மணி இரண்டு இருக்கும்... தட்... சரக்... தட்... சரக்... யாரோ காலை இழுத்து வரும் சத்தம். நனைந்த நாயின் வாடை. கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது. அவன் முதுகோடு இன்னொரு முதுகு ஒட்டியது. ஐஸ்கட்டி மாதிரி.

"நகருடா... பிடிச்சு வைன்னு சொன்னேன்ல."

நகர்ந்தான். விடியும்வரை, கட்டில் விளிம்பில், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

காலையில் கிளெண்டா அழுத கண்ணோடு வந்தாள்.

"மெர்வ் போயிட்டாருடா. அடுத்த தெரு பஸ் ஸ்டாப்ல... குளிர்ல விறைச்சுக் கிடந்தவரை ராத்திரி பன்னிரண்டுக்கே பாத்து, உடம்பை எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். வெறுங்காலோட கிடந்தாராம் பாவம். அந்தக் குளிர்ல அவரு ஷூவைக் கழட்ட யாருக்குடா மனசு வந்துச்சு?"

டெஸ் மெல்லத் தலையணைக்கு அடியில் கையை விட்டான். அவன் ஷூ இருந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடி... முடிச்சுக்கூட அவிழ்க்கவில்லை. இடது காலின் அடி மட்டும் இழுத்து இழுத்துத் தேய்ந்திருந்தது. அதன்மேல் படிந்த பனி, அவ்வளவு கதகதப்பிலும் உருகாமல் இருந்தது.