உயர வரிசை

எங்கள் எம்.எல்.ஏ. ராணுவத்தில் இருந்தவர். தேர்தல் நோட்டீசில் அவரை ‘வரிசையில் கடைசியில் நிற்பவனின் குரல்’ என்று வர்ணித்த அசடு நான்தான்.

பிறகொரு நாள் கும்மிடிப்பூண்டி ரயிலில், எதிரே மனுவும் கையுமாக ஒரு குள்ளமான விவசாயி. பக்கத்து சீட்டுக்காரர் விசாரித்தார்.

“இன்னா மனு?”

“கம்பெனிக்காரன் கால்வாயை மூடிட்டான் நைனா. கதிர் வர்ற நேரம், பயிரு காயுது. மூணு வாட்டி எம்.எல்.ஏ. ஊட்டுக்குப் போனேன். உசரப்படி லைன்ல நிக்க வெக்கிறாரு, நெட்டையன் முதல்ல. என் முறை வர்றதுக்குள்ள ஜீப்புல ஏறிப் பூடறாரு.”

“சட்டசபையில நமக்காகப் பேசனாராமே?”

“ஆமா. விவசாயிக்கு டிரில் குடுக்கணும்னு பேசனாரு.”

“இப்ப எதுக்குப் போற?”

“என் மச்சான் ஆறடி. கவரப்பேட்டையில ஏறுவான். மனுவை அவன் கையில குடுத்துடுவேன்.”

வீட்டில் சொல்லி வருந்தினேன். மனைவி ஆறுதல் சொன்னாள்: “விடுங்க. உங்க நோட்டீசை எம்.எல்.ஏ.வே படிச்சிருக்க மாட்டாரு.”