வலது முன்சக்கரத்துக்கு ஒரு பாட்டில்

பிரேக் கீச்சிட்டால் முதலில் ரேடியோவை நிறுத்த வேண்டும், ஐயா. பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. பாட்டை அலறவிட்டுக்கொண்டே வந்து நின்று, எந்தச் சக்கரம் என்று தெரியவில்லை என்பார்கள். நான் வண்டியைப் பட்டறைக்குப் பக்கத்துச் சந்தில் மெதுவாக ஓட்டச் சொல்வேன். இரண்டு பக்கமும் செங்கல் சுவர். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும்போது எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

காலையில் மட்டும் கத்திவிட்டு அடங்கினால் அது பனி ஈரம். இந்த எல் ஆல்ட்டோ மலைக் குளிரில் எல்லா வண்டிக்கும் உண்டு, விட்டுவிடலாம். மிதிக்கும்போது மட்டும் கத்தினால் தூசி. கழற்றி உப்புத்தாள் போட்டால் போய்விடும். மிதிக்காமல் சும்மா ஓடும்போதே மெல்லிசாகக் கீச்சிட்டால்தான் சங்கதி வேறு. பிரேக் பேடில் விரல் நகம் அளவுக்கு ஒரு தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து தீரப் போகிற நேரத்தில் அது உரசிக் கத்தும். மாற்றிவிடு என்று சொல்வதற்காகவே வைத்த தகடு.

என் மருமகன் லிம்பெர்ட்டின் மினிபஸ் அப்படித்தான் கத்தியது.

பத்திரிகையில் 'கவனிப்பாரற்ற பிரேக்' என்று போட்டிருந்ததாம். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும்; எதிர்க் கடைக்காரி வாசித்துச் சொன்னாள். அதனால்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன், நீங்கள் கூப்பிட்டதால் இல்லை. அந்தப் பிரேக்கைக் கடைசியாகத் தொட்டவன் நான், செவெரோ கலிசாயா. கவனிக்காமல் விட்டது என்று யாரும் சொல்லக்கூடாது.

லிம்பெர்ட் கெட்டவன் இல்லை. என் மகள் யோலாவை அவன் அடித்ததில்லை. அடிக்கிறானா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடித்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். எதற்கும் சிரிப்பான். எதற்கும் சிரிக்கிறவனை நான் நம்புவதில்லை. கார்னிவல் திருவிழா முடிந்ததும் வண்டியை விற்றுவிட்டு சாந்தா குரூஸுக்குப் போய்விடுவது என்று இரண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள். அங்கே அவன் அண்ணன் இருக்கிறான். தட்டை மண், புழுக்கம், கொசு. யோலா என்னையும் வரச் சொன்னாள். எனக்குப் பட்டறை இருக்கிறது என்றேன். அவள் எனக்கு ஒரே மகள். என் மனைவி போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு மூட்டியவள் அவள்தான். என் சூப்பில் எவ்வளவு உப்பு என்று அவளுக்குத் தெரியும்.

கார்னிவல் திங்கட்கிழமை வண்டியை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மாமா, லாமாக் குட்டி மாதிரி கத்துது. ஸ்டாண்டுல அத்தனை பயலும் சிரிக்கிறானுங்க."

"பேடப் பாக்கணும்," என்றேன்.

"பேட் இல்ல மாமா, தாகம். போன வருஷம் மூணு சக்கரத்துக்கு ஊத்துனதுலயே பீர் தீந்துபோச்சு. வலது முன்சக்கரத்துக்கு வெறும் நுரைதான். அதான் கோவிச்சுக்கிட்டு கத்துது."

"எப்படித் தீரும்? மிச்சத்த நீ குடிச்ச, சக்கரம் காஞ்சுபோச்சு," என்றாள் யோலா.

"நாளைக்கு அதுக்குன்னு தனியா ஒரு பாட்டில். போதுமாடி?"

கார்னிவல் செவ்வாயன்று இங்கே வீடு, கடை, வண்டி என்று எல்லாவற்றுக்கும் காகிதச் சுருள் சுற்றி, பூமித்தாய்க்குப் பங்காக பீர் ஊற்றுவோம். ஊற்றாமல் விட்டால் அவள் கேட்பாள் என்று நம்புகிறவர்கள்தான் எல்லோரும். நானும் நம்புகிறவன்தான். ஆனால் பிரேக் பேட் தேய்வதை அவள் பார்த்துக்கொள்ள மாட்டாள்.

செவ்வாய் காலையில் இரண்டு பேரும் பீர், பலூன், வெடி வாங்கச் சந்தைக்குப் போனார்கள். நான் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். பேட் பட்டாணித் தோல் கனத்துக்கு இருந்தது. பிரேக் ஆயில் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்புக் காப்பி மாதிரி இருந்தது. அலமாரியில் அதே அளவில் புது பேட் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அதைக் கையில் எடுத்தேன். பிறகு திரும்ப வைத்துவிட்டேன். குறடால் அந்தத் தகட்டை ஒடித்து எடுத்தேன். ஒடித்த இடத்தை அரம் போட்டு வழவழவென்று ஆக்கி, முதுகுப் பக்கம் கிரீஸ் தடவி, பழைய பேடையே மாட்டினேன். இடது பக்கமும் அப்படியே. சுத்தமான வேலை, ஐயா. அவர்கள் திரும்பி வரும்போது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

லிம்பெர்ட் சக்கரம் சக்கரமாக ஊற்றினான். வலது முன்சக்கரத்துக்கு முன்னால் மண்டி போட்டு ஒரு பாட்டிலை முழுசாகக் கவிழ்த்தான். வெடி போட்டார்கள். அப்புறம் வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். ஒரு சத்தமும் இல்லை.

"பாத்தீங்களா மாமா! உங்களவிட பூமித்தாய்தான் நல்ல மெக்கானிக்!"

"ஆமாம்," என்றேன்.

யோலா என் தலையில் வண்ணக் காகிதத் தூளைக் கொட்டிச் சிரித்தாள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

என்ன செய்தீர்கள் மாமா என்று அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

புதன்கிழமை கொரோய்க்கோவுக்குச் சவாரி. அவன் அம்மா வீடும் அங்கேதான். விடைபெற்றுவிட்டு வருவதாகச் சொன்னான். அந்தப் பாதை உங்களுக்குத் தெரியும். பனி உச்சியிலிருந்து வாழைத்தோட்டம் வரைக்கும் ஒரே இறக்கம். பேட் மெலிந்திருந்தால் சூடு நேராக ஆயிலுக்குப் போகும். பழைய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் மிதி பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போய்விடும். எந்த வளைவில் என்று யாராலும் சொல்ல முடியாது. வளைவை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

யோலா போவதாக இல்லை. வீட்டில் இருக்கிறேன் என்றுதான் முந்தின நாள் சொன்னாள். காலையில் பார்த்தால் தொப்பியும் சால்வையுமாக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ இரு. துணி கெடக்குது," என்றேன்.

"வந்து துவைக்கிறேன்ப்பா. மாமியாகிட்ட மூஞ்சியக் காட்டாம ஊரவிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

ஊரை விட்டு என்றாள். அந்தப் பக்கத்துக் கதவை நன்றாக இழுத்துச் சாத்தினால்தான் பூட்டும். சாத்திவிட்டேன்.

மற்றவர்கள் ஸ்டாண்டில் ஏறியவர்கள். அவர்களை நான் பார்க்கவில்லை. பேரெல்லாம் பத்திரிகையில் வந்ததாம். கடைக்காரி வாசிக்க ஆரம்பித்தாள்; பிரேக்கைப் பற்றி எழுதியதை மட்டும் படி என்றேன்.

வண்டி பள்ளத்தில் விழுந்ததற்கு, முதலில் அவன் குடித்திருந்தான் என்றார்கள். நான் மறுக்கவில்லை. அடக்கத்தன்று அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்காவது மகள் மிஞ்சினாள் என்று அழுதாள். நியாயமான பொம்பளை.

யோலாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. காலையில் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்து வெயிலில் உட்காரவைக்கிறேன். கனமே இல்லை. இப்போது சூப் நான்தான் வைக்கிறேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள், ஆனால் குடிக்கிறாள்.

அந்த பேடை யாரோ கவனிக்காமல் விட்டுவிட்டதாக உங்கள் காகிதத்தில் எழுதியிருப்பதை அடித்துவிட்டு, செவெரோ கலிசாயா பார்த்துச் செய்த வேலை என்று எழுதுங்கள். கைநாட்டு வைத்துவிட்டு நான் கிளம்புகிறேன். மத்தியானத்துக்குள் அவளை நிழலுக்கு மாற்ற வேண்டும். சாந்தா குரூஸ் பேச்சை அவள் இப்போது எடுப்பதே இல்லை. நானாகவே ஒரு நாள் கேட்டேன், போகணுமாம்மா என்று. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னோடு இருக்கத்தான் அவளுக்கு விருப்பம், ஐயா. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.