மூன்று பட்டைச் சட்டை

— என்னங்க... கருகின வாசனை வருது?

— அது... பக்கத்து வீடா இருக்கும்.

— பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கு. முதுகுக்குப் பின்னாடி என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க? காட்டுங்க.

— சார்ஜென்ட் அம்மா, கோவப்படாத. ஊருக்கே சட்டை தச்சு இஸ்திரி போட்டுக் குடுக்கற தையல்காரன் நான். இத்தனை வருஷத்துல ஒரே ஒரு சட்டைதான்...

— ஐயோ, என் யூனிஃபார்ம்! கையில இருந்த மூணு சார்ஜென்ட் பட்டையும் போச்சே!

— இஸ்திரிப் பெட்டியை வச்சுட்டு யோசனையில நின்னுட்டேன்.

— அப்படி என்ன யோசனை?

— உன்னைப் பத்திதான். ஆபீசர் ஆகறியான்னு கர்னல் கேட்டாரே. இன்னைக்குத்தானே பதில் சொல்லணும்? போறியா, இல்லையா?

— மைதானத்துக்கு நான் இப்ப எதைப் போட்டுட்டுப் போறது? முதல்ல அதைச் சொல்லுங்க.

— வேற ஒண்ணு இருக்கு... இந்தா.

— கையில பட்டையே காணோம். தோள்ல நட்சத்திரம் குத்த இடம்... ஆபீசர் சட்டை! எப்ப தச்சீங்க?

— நீ டியூட்டிக்குப் போனப்பல்லாம். அளவெடுக்காமலே தச்சேன். டேப்போட கிட்ட வந்தா கண்டுபிடிச்சிடுவியே.

— காலர் நல்லா நிக்குது...

— பேச்சை மாத்தாத. என் கடை இங்க இருக்கேன்னு நீ நின்னுடக் கூடாது. உன்னை எந்த ஊர்ல போட்டாலும் மிஷினைத் தூக்கிட்டு வந்துடுவேன்.

— ஊசியில நூல் கோக்கவே என்னைக் கூப்பிடறவரு, மிஷினைத் தூக்குவாராம்!

— கிண்டல் பண்ணு. நம்ம கடைக்கு வர்ற மேஜர் ஐயா ஒரு போர்ப் புத்தகம் குடுத்தாரே, படிச்சேன். எல்லாச் சண்டையிலயும் தளபதிதான் ஜெயிக்கறாரு. ஒரு சார்ஜென்ட் பேரு கூட இல்ல.

— "படை முன்னேறியது"ன்னு எங்கயாவது போட்டிருக்கா?

— பக்கத்துக்குப் பக்கம்.

— படை அதுவா முன்னேறாதுங்க. பின்னாடி ஒருத்தி கத்திக்கிட்டிருப்பா.

— நீ கத்தினா எதிரிப் படையும் சேர்ந்தே முன்னேறும்.

— சிரிக்காதீங்க. போன மழையில, புது லெப்டினன்ட் ஆத்துல இறங்கச் சொன்னாரு. சின்ன வயசு, வெள்ளத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் வெளிறிப் போச்சு. "சரி சார், நீங்க சொன்ன மாதிரியே பாலத்து வழியா போயிடறோம்"னேன்.

— அவரு பாலத்தைச் சொல்லவே இல்லியே?

— இல்லதான். "ஆமா, ஆமா, பாலம்தான்"னுட்டாரு. அவரு மானமும் நனையல, என் பசங்க பூட்ஸும் நனையல.

— இது பதில் இல்ல. நேரா சொல்லு. எனக்காகத்தான் வேணாங்கறியா?

— ...வேற பட்டை இருக்கா, கடையில?

— ஏய்!

— போன வாரமே கர்னல்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேங்க.

— என்னது! என்கிட்ட ஏன் சொல்லல?

— கடையில திரைக்குப் பின்னாடி இதை மறைச்சு மறைச்சு தச்சிட்டிருந்தீங்களே, பார்த்துட்டேன். சொல்ல மனசு வரல.

— அடிப்பாவி... சரி, பட்டை என் சட்டைப் பையிலயே இருக்கு.

— பையிலயா? எதுக்கு?

— நீ வேணாம்னு சொன்னா... இந்தச் சட்டைக் கையிலயே உடனே தச்சுக் குடுக்கலாம்னு. ஆனா உண்மையைச் சொல்லு. எனக்காகத்தானே?

— உங்களுக்காக ஒண்ணும் இல்ல, ரொம்ப நினைப்பு வேண்டாம். எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். இடது கால் எது, வலது கால் எதுன்னு தெரியாம முப்பது புதுப் பிள்ளைங்க மைதானத்துல நிக்குது... ஊசியை இப்படிக் குடுங்க, நூலை நான் கோக்கறேன்.