யார்டு நம்பர் நாலு

டீ வேணாம் சார், எனக்கு சக்கரை கீது. தண்ணி மட்டும் குடுங்க, போதும். அந்த ஃபேனை கொஞ்சம் தள்ளி வெச்சா நல்லாருக்கும், காத்து நேரா காதுல அடிக்குது.

பேர் கோதண்டம். சொந்த ஊரே பிள்ளைப்பாக்கம்தான். நிலம் போச்சு, கம்பெனி வந்துச்சு, நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வந்தேன். பத்தொம்போது வருஷமா ஓட்டிகினு கீறேன். ஃபோர்க் நுனியில ஒரு கோழி முட்டைய வெச்சு ஷெட்டு முழுக்க சுத்தி, உடையாம கீழ இறக்குவேன். யாரை வேணா கேட்டுப் பாருங்க, கோதண்டத்துக்கு கை தப்பாதுன்னுதான் சொல்லுவாங்க. நான் ஸ்டேஷனுக்கு வந்ததே அதுக்கோசரம்தான்.

இசக்கிதுரை செத்தது உங்களுக்கே தெரியும். போன மாசம் ஒரு செவ்வாக்கிழம, எங்க டிஸ்பாட்ச்ல. ஆக்சிடெண்ட்டுன்னு நீங்களே வந்து மகஜர் எழுதிகினு போனீங்க. அது எப்படி நடந்துச்சுன்னு சொல்றதுக்கு முன்னால கப்பலப் பத்தி சொல்லணும்.

எங்க கம்பெனில வருஷா வருஷம் குடும்ப தினம்னு ஒண்ணு வெப்பாங்க. கேண்டீன்ல மேசை போட்டு, தொழிலாளிங்க செஞ்ச கைவேலைய பார்வைக்கு வெக்கணும். ஒருத்தன் தெர்மாகோல்ல கோயில் செய்வான், ஒருத்தன் பழைய போல்ட்டுல பைக் செய்வான். நான் மூணு பாய்மரம் வெச்ச கப்பல் செய்யலாம்னு எறங்கினேன். மூணு அடி நீளம். ஃபோன்ல ஒரு படம் கெடச்சுது, அளவு லிஸ்ட்டோட. வாலாஜாபாத்ல ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்தேன். எல்லாம் இங்கிலீஷு. இருந்துட்டுப் போவட்டும், பத்தொம்போது வருஷமா இங்கிலீஷு லேபிளதானே படிச்சுகினு கீறேன்.

மாஸ்ட்டுன்னா இன்னான்னு எனக்கு எவனும் சொல்லித் தர வேணாம். ஃபோர்க்லிஃப்ட்டுக்கு முன்னால நிமிர்ந்து நிக்குதே, சுமை ஏறி எறங்கற கம்பம், அதுக்குப் பேரே மாஸ்ட்டுதான். கப்பலுக்கும் நிமிர்ந்து நிக்கறது மாஸ்ட்டு. வெளிநாட்டுலருந்து பார்ட்ஸ் வர்ற பைன் பெட்டிய ஸ்கிராப்ல கேட்டு வாங்கிகினு வருவேன். கணு இல்லாத பலகையா பாக்கணும். அத அறுக்கக் கூடாது, உளி வெச்சுப் பொளக்கணும். அப்போதான் மரத்தோட ரேகை போற வழியிலயே வரும். பொளந்தத சதுரமா சீவி, நாலு மூலைய எடுத்தா எட்டுப் பட்டை. அதுல மூலைய எடுத்தா பதினாறு. அப்புறம் கண்ணாடித் துண்டால சுரண்டி, உப்புத்தாள சுத்திப் புடிச்சு உருட்டினா உருண்டையாயிடும். அடியில சுண்டு விரல் மொத்தம், நுனியில தொடப்பக்குச்சி. மூணு மாஸ்ட்டுக்கு மூணு வாரம் ஆச்சு. நிறுத்தி வெச்சுப் பாத்தப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு சார்.

லிஸ்ட்டுல அடுத்தது யார்டு. மெயின் யார்டு பத்து செண்டிமீட்டர், ஃபோர் யார்டு ஒம்போது. எங்க பக்கம் யார்டுன்னா இன்னான்னு சின்னக் கொழந்தைக்கும் தெரியும். முடிச்ச வண்டிங்கள வரிசையா நிறுத்தி வெக்கற எடம். கப்பல்லதான் காரு ஏத்திகினு போறாங்க, அப்போ கப்பல்ல யார்டு இருக்கறது ஞாயந்தானே? ஃபோர் யார்டுன்னா நாலாம் நம்பர். ஒண்ணு, ரெண்டு, மூணு லிஸ்ட்டுல இல்ல. பக்கம் எதுனா வுட்டுப்போயிருக்கும்னு அதையும் நானே செஞ்சேன். ஊதுவத்திக் குச்சில போஸ்ட்டு நட்டு, கொசுவலைய வெட்டி வேலி போட்டு, மஞ்ச பெயிண்டுல பார்க்கிங் கோடு கிழிச்சேன். கேட்டுக்குப் பக்கத்துல ஒரு செக்யூரிட்டி ரூம்பு. படத்துல மாஸ்ட்டு மேல புள்ளி புள்ளியா இருந்துச்சு, அந்த எடத்துல ஆணி அடிச்சேன். அது பக்கவாட்டுல வரைஞ்ச படமாம், குறுக்கால போற கட்டை அதுல வெறும் புள்ளியாத்தான் தெரியுமாம். அப்படி வரைஞ்சவன் தப்பு சார் அது, என் தப்பு இல்ல.

குடும்ப தினத்துல முந்நூறு பேர் பாத்திருப்பாங்க. சூப்பருன்னாங்க, செல்ஃபி எடுத்தாங்க. அப்புறம்தான் இசக்கிதுரை வந்தான். தூத்துக்குடி பக்கம் கடலோரத்து ஊரு அவனுக்கு. முப்பது வயசு. டிஸ்பாட்ச்ல லேபிள் ஸ்கேன் பண்ற வேலை, இருங்காட்டுக்கோட்டையில ரூம்பு. அவங்கப்பா தோணில போனவராம். மாஸ்ட்ட வெரலால தடவிப் பாத்துட்டு, "பாய்மரத்த என்னமா இழைச்சிருக்கீயண்ணே" ன்னான். அப்புறம் குனிஞ்சான்.

"இது என்னண்ணே, வேலியா?"

"யார்டு. இது நாலாம் நம்பர்."

ரெண்டு செகண்டு என் மூஞ்சியையே பாத்தான். அப்புறம் சிரிச்சான் சார். மேசைய புடிச்சுகினு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சான். "அண்ணே, யார்டுன்னா பருமல்ண்ணே. பாய் மாட்டுததுக்கு மரத்துல குறுக்க ஒரு கட்டை கட்டுவாவல்லா, அது. ஃபோர்னா நாலு இல்லண்ணே, முன்னால நிக்க மரம். நீங்க கப்பலுக்குள்ள பார்க்கிங் போட்டு வச்சிருக்கீய." கேண்டீனே சிரிச்சுது. சிரிச்சதுல பாதிப் பேருக்கு பருமல்னா இன்னான்னே தெரியாது.

அன்னியிலருந்து நான் யார்டு அண்ணன். ஷிஃப்ட்டு மாறும்போது, "நாலாம் நம்பர் உள்ள வருதுடா" ம்பாங்க. நான் கோவப்படல. நான் கோவப்படற ஆளே கிடையாது. பேக்கிங்ல பகலவன்னு ஒருத்தன், வாக்கி டாக்கில "யார்டு, யார்டு, ஓவர்"னு கூப்ட்டுகினே இருப்பான். அடுத்த வாரம் என் வண்டி பின்சக்கரம் அவன் கால் மேல ஏறிச்சு. ஷூவ வெட்டித்தான் கால எடுத்தாங்க, மூணு வெரலு ஷூவுலயே நின்னுபோச்சு. மஞ்சக் கோட்டத் தாண்டி நின்னது அவன் தப்புன்னு சூப்பர்வைசர் ஜீவானந்தம் ரிப்போர்ட்டு எழுதினாரு. ஞாயமான ரிப்போர்ட்டு. பின்சக்கரம் எங்க போவுதுன்னு எனக்கு இஞ்ச் சுத்தமா தெரியும்.

வூட்டுல என் சம்சாரம் சின்னப்பொண்ணும் ஒரு தபா வாய் தவறி யார்டுன்னுட்டு, முந்தானைய வாயில வெச்சுகினா. கதவு இடிச்சுதான் ரெண்டு பல்லு போச்சுன்னு ஆஸ்பத்திரில அவளே சொன்னா. நான் சொல்லச் சொல்லல.

இசக்கி மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். தங்கமான பையன். அவனுக்கே மனசு கேக்கலை போல, ஒரு ஞாயித்துக்கெழம சாத்துக்குடி வாங்கிகினு வூட்டுக்கு வந்தான். "ஒங்க கைக்கு பருமல் ஒரு பெரிய வேலையாண்ணே? வாங்க, சேந்து செய்வோம்" ன்னான். மரத்துக்கு ரெண்டுன்னு ஆறு பருமல் செஞ்சோம். நடுவுல மொத்தமா வெச்சு ரெண்டு நுனியையும் சன்னமா எறக்கணும். நடுவுல மட்டும் எட்டுப் பட்டைய உருட்டாம அப்படியே வுடணும், கயிறு கட்டினா வழுக்காது. ஆணி கூடாது, கட்டத்தான் செய்யணும், காத்து மிஞ்சிச்சுன்னா இறக்கணும்லன்னான். நான் அடிச்ச ஆணிங்கள எல்லாம் அவனே பொறுமையா புடுங்கினான். மதியம் எங்க வூட்லதான் சாப்ட்டான்.

கடைசிப் பருமல கட்டி முடிச்சதும் அவன் பொண்டாட்டி செல்வலட்சுமிக்கு வீடியோ கால் போட்டான். அந்தப் பொண்ணு அப்போ ஆறு மாசம் முழுவாம இருந்துச்சு. கப்பலக் காட்டினான், என்னையும் காட்டினான்.

"இவியதானா அந்த நாலாம் நம்பரு?" ன்னு கேட்டுட்டு அது சிரிச்சுது. ஒடனே, "தப்பா எடுத்துக்கிடாதீயண்ணே" ன்னும் சொல்லிச்சு. எடுத்துக்கலம்மான்னேன். அப்போதான் எனக்குத் தெரிஞ்சுது, தூத்துக்குடி வரைக்கும் போயிருக்கு.

செவ்வாக்கிழம காலைல பத்தரை மணி, டீ பெல்லு அடிக்கல. ஆயிரத்து நூறு கிலோ, இரும்பு வார்ப்பு அடுக்கின பேலட்ட மூணாவது தட்டு ஒசரத்துக்குத் தூக்கி வெச்சிருந்தேன். சுமை மேல இருக்கும்போது அடியில ஆள் வரக் கூடாது, அது எங்க சட்டம். "இசக்கி, அடிப்பக்கம் ஒட்டின லேபிள் தெரியல, வந்து பாத்துடு" ன்னேன். வேற எவன் வண்டியா இருந்தாலும் வந்திருக்க மாட்டான். என் கை தப்பாதுன்னு அவனுக்கு அவ்ளோ நம்பிக்கை.

மாஸ்ட்ட முன்னால சாய்ச்சேன். மெதுவாத்தான் சாய்க்கணும், சடார்னு இழுத்தா சுமை ஒரு பக்கமா திரும்பிடும். பேலட் வழுக்கி எறங்குச்சு. கடைசி நிமிஷத்துல அவன் என் வண்டிப் பக்கமா நவுந்துட்டான், அதனால இடுப்புக்குக் கீழதான் மாட்டிச்சு. உசுரு இருந்துச்சு. "அண்ணே, தூக்குங்கண்ணே" ன்னான். கத்தல, கேட்டான், அவ்ளோதான். ஃபோர்க்க கீழ எறக்கி அவன் நெஞ்சு மேல வெச்சேன். காஞ்ச சவுக்கு முறியற மாதிரி சத்தம் வந்துச்சு. அவன் கை என் டயரத் தட்டிகினே இருந்துச்சு. அது நிக்கற வரைக்கும் லிவர வுடல. அப்புறம் ஃபோர்க்கத் தூக்கி, ஹாரன் அடிச்சுட்டு ரிவர்ஸ் எடுத்தேன். ரிவர்ஸ் எடுக்கும்போது ஹாரன் அடிக்கணும் சார்.

ஜீவானந்தம் இந்தத் தபா இன்னா எழுதினாருன்னு படிச்சிருப்பீங்க. தூக்கற லிவருக்குப் பதிலா சாய்க்கற லிவர டிரைவர் மாத்திப் புடிச்சுட்டாருன்னு எழுதிட்டாரு. கைத்தவறு. என்னைக் காப்பாத்தறதா அவருக்கு நெனப்பு. செல்வலட்சுமி பொணத்த வாங்க வந்தப்போ அந்த வயித்தோட என் பக்கத்துல வந்து, "நீங்க வேணுமின்னா செஞ்சீய? தப்பு நடந்துபோச்சு, அழாதீயண்ணே" ன்னு என் கையப் புடிச்சுகிச்சு. எல்லாரும் என்னை மன்னிச்சுட்டாங்க. தப்பு பண்ணவனத்தானே சார் மன்னிப்பாங்க.

நேத்து என்னை மறுபடி டிரெய்னிங்ல உக்கார வெச்சாங்க, புதுசா சேந்த பசங்களோட. டிரெய்னிங் குடுக்கற பையன் போர்டுல வண்டிப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, "அண்ணே, இதுக்குப் பேர் இன்னா, நீங்க சொல்லுங்க" ன்னு என்னைக் கேக்கறான். மாஸ்ட்ட. என்னைப் போய்க் கேக்கறான். பின் பெஞ்சுல எவனோ கொல்லுன்னு சிரிச்சான். அப்படியே எழுந்து பஸ் ஏறி இங்க வந்துட்டேன்.

அதனால எழுதுங்க ரைட்டர் சார். லிவர் மாறல. கை தவறல. கோதண்டம் பாத்து, அளந்து, வேணும்னுதான் இசக்கிதுரைய கொன்னான்னு எழுதுங்க. அவன் சிரிச்சதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அதையும் தனியா எழுதிக்கோங்க. சிரிப்புக்குப் போய் ஒரு மனுசன் இன்னொருத்தன் உசுர எடுப்பானா?

இன்னா, எழுதறத நிறுத்திட்டு குனிஞ்சுகினீங்க? இல்ல சார், சிரிச்சீங்க. நாலாம் நம்பர்னு நான் சொன்னப்பவே உதடு போனத பாத்தேன். பரவால்ல, நான் தப்பா எடுத்துக்கல.

உங்க பேர் இன்னா ரைட்டர் சார்?