அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது வெள்ளிக்கிழமை இல்லை

மேடம், இந்தத் தாளைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். படித்ததும் உங்கள் பைக்குள் வைத்துவிடுங்கள். அப்பா கேட்டால், நான் எதுவும் தரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

நான் நேற்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட நோயாளியின் தங்கை. வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு. மாடிப்படிக்கு அடியில் தண்ணீர் மோட்டார் இருக்கும் வீட்டில் குடியிருக்கிறேன். அக்கா தையல் கம்பெனியில் காலர் தைக்கிறாள். அந்தக் கம்பெனிப் பெண்களை வேனில் ஏற்றி இறக்குவது என் அப்பா. அம்மா இப்போது ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறாள். இதைக் குளியலறையில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று மாலை நீங்கள் சுகாதார நிலையத்திலிருந்து வந்து வாசலுக்கு வெளியே நின்றபடி, "இன்னிக்கு எத்தனை படி ஏறினேன்னு என் காலைத்தான் கேக்கணும்" என்றீர்கள். அதன் பிறகு, அக்காவுக்கு எப்போது உடம்பு முடியாமல் போனது என்று கேட்டீர்கள். அப்பா, வெள்ளிக்கிழமை ராத்திரி என்றார். அதன் பிறகு நீங்கள், "அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியிலேர்ந்து பக்கத்துல யார் யார் இருந்தாங்கன்னு சொல்லுங்க. அவங்களுக்கு நாங்க போன் பண்ணித் தனியா இருக்கச் சொல்வோம். யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லவே மாட்டோம்" என்றீர்கள். அதற்கு அப்பா, "மிஷின் ரிப்பேர்னு புதன்கிழமையிலேர்ந்து கம்பெனி மூடிக் கிடக்கு மேடம். வீட்டைவிட்டு அவ எங்க போனா?" என்றார். நீங்கள் என்னைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றீர்கள். நான் தலையாட்டினேன்.

நடந்தது வேறு. போன திங்கட்கிழமை காலையிலேயே அக்காவின் உடம்பு அனலாய்க் கொதித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு அன்றும் செவ்வாயும் வேலைக்குப் போனாள். பள்ளிக்கூடம் வரை நானும் அதே வேனில்தான் போவேன். அக்காவுக்குப் பக்கத்தில் உட்காருபவளை எல்லோரும் தூங்குமூஞ்சி என்பார்கள். பட்டன் வைக்கும் பிரிவு. அவளுக்கு இது ஏழாம் மாதம். ஏறியதும் அக்காவின் தோளில் சாய்ந்துவிடுவாள். "தோளுக்கு வாடகை குடுடி" என்று அக்கா சொன்னால், "பிள்ளை பொறக்கட்டும்க்கா, சேத்துத் தர்றேன்" என்பாள். செவ்வாய்க்கிழமை மழை என்று ஜன்னலை எல்லாம் மூடியிருந்தார்கள். அன்றும் அப்படியே சாய்ந்து தூங்கினாள்.

நீங்கள் போன பிறகு நான் அப்பாவிடம், "அந்தக்கா மாசமா இருக்காங்கப்பா. நம்ம அக்கா பேரை மேடம் சொல்ல மாட்டாங்களாமே" என்றேன். அப்பா, "ஒரே வண்டியில வர்றவளுக்கு யாருன்னு தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா? அப்புறம் என் வண்டியில எவ ஏறுவா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு சூப்பர்வைசர் போன் செய்து, மிஷின் சரியாகிவிட்டது, நாளை மதியம் ஷிப்ட் உண்டு என்றார். யாரும் வாசல் தாண்டக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அப்பா, "வந்துடறேன் சார்" என்றார்.

காலையில் எங்களுக்கு மூக்கில் மாதிரி எடுக்க வருவீர்கள் அல்லவா, அப்போது இதைத் தருவேன். போன திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் இருந்து மறுபடியும் விசாரியுங்கள். வேனில் வரும் எல்லோருக்கும் சொல்லுங்கள். முதலில் தூங்குமூஞ்சிக்குச் சொல்லுங்கள். நம்பர் கம்பெனியில் இருக்கும். மதியத்துக்குள் சொல்லாவிட்டால் பெட்ரோல் பங்க் பக்கத்தில் வேனுக்காக வந்து நின்றுவிடுவாள். அப்பாவைத் திட்டாதீர்கள். அவர் சரியாகத் தூங்கி ரொம்ப நாளாகிறது.

மேலே எழுதியதில் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்தும் எழுதவில்லை. இப்படிக்கு,

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். தட்டுவதற்கு முன்னால் இருமினார்.